பூம்புகாரின் வயதை யாரிடம் கேட்பது?

பூம்புகார் என்று பேச்செடுத்தால் போதும், "பதினோராயிரம் வருஷத்துக்கு முந்தைய நகரம்!" என்று ஆரம்பித்து விடுகிறார்கள். ஆதாரம்? 1991ல் தேசிய கடலாய்வு நிறுவனம் கரையிலிருந்து 5 கி.மீ. தள்ளி, 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவ அமைப்பு ஒன்றைக் கண்டது. 2001ல் அங்கே முக்குளித்த கிரஹாம் ஹான்காக், அந்த ஆழத்தைக் கடல் எப்போது மூடியிருக்கும் என்று கணினி மாதிரியில் பார்த்து வயது சொல்லிவிட்டார். மனிதன் கட்டியதுதானா என்பதே முடிவாகாத ஒன்றுக்கு!

ஆழம் எப்படி ஐயா வயதாகும்? தஞ்சாவூர் வயல்கள் தொடங்கி கடற்கரை வரை காவிரி கொட்டிய வண்டல், தன் பாரத்திலேயே அமுங்குகிற மண்.

அசல் சாட்சி சேற்றுக்குள் இருக்கிறது. ஃபோராமினிஃபெரா என்ற ஒரு செல் உயிரிகளின், மணல் அளவே உள்ள சுண்ணாம்பு ஓடுகள். உப்பங்கழியில் வாழும் இனம் வேறு, திறந்த கடலில் வாழ்வது வேறு. கடலடியில் குழாய் இறக்கி எடுத்த சேற்றில், கழி ஓடுகள் முடிந்து கடல் ஓடுகள் தொடங்கும் அடுக்குதான் கடல் உள்ளே வந்த காலம். ஓட்டின் கார்பன் தேதி சொல்லும். அதன் ஆக்சிஜன் ஐசோடோப்புகள் ஆற்றுநீரின் கலப்பையும் தண்ணீரின் சூட்டையும் காட்டிக் கொடுக்கும்.

எண்ணெய்க்காரர்களுக்கு இது பழைய பாடம். 1960களிலிருந்து காவிரிப் படுகையில் துளைபோட்டு வரும் ஓ.என்.ஜி.சி.யில் பாறைகளின் வயதைக் கணிக்க இந்த ஓடுகளும் உதவுகின்றன. எண்ணெய் தேட நம்பகமான சாட்சி, தமிழன் வரலாற்றுக்கு மட்டும் ஆகாதா? கடல் முன்பு எதுவரை ஏறியது என்பது, கிணற்றில் உப்பு கரிக்கும் நாகப்பட்டினத்து விவசாயிக்கும் வேண்டிய விஷயம். மேடைக்கும் பட்டிமன்றத்துக்கும் ஆகிற செலவில் நாலு இடத்திலாவது குழாய் இறக்கலாம்.