சொட்டு மருந்து என்ன பாவம் செய்தது?

"கண்ணில் புற்று என்றால் கத்திதான், சொட்டு மருந்தெல்லாம் நாளைக் கடத்தும் வேலை" என்று அடித்துப் பேசுகிறவர்கள், 2016-இல் வெளிவந்த கென்யா ஆய்வைப் புரட்டியாவது பார்த்திருக்கலாம். விழிப்பரப்பில் வந்த செதிள் செல் புற்றை வெட்டி எடுத்தபின், 47 பேருக்கு ஒரு சதவீத ஃபுளோரோயுராசில் சொட்டு: தினம் நாலு வேளை, நாலு வாரம். இன்னொரு 47 பேருக்கு மருந்தில்லாத சொட்டு. ஓராண்டுக்குள் வெறும் சொட்டு விட்டவர்களில் 17 பேருக்குப் புற்று திரும்பிவிட்டது. மருந்து விட்டவர்களில் 5 பேருக்குத்தான். இரு தரப்பிலும் வெட்டியது அதே கத்தி!

காரணம் எளிது. கத்தி கண்ணுக்குத் தெரிந்ததை எடுக்கும். ஓரத்தில் ஒளிந்த செல்களை விட்டுவிடும். சரி, அகலமாக வெட்டலாமே என்றால், கருவிழி விளிம்பில்தான் அதைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. அவற்றை இழந்தால் கருவிழி மங்கும். சொட்டோ பரப்பு முழுக்கப் பரவுகிறது.

"விஷ மருந்தாயிற்றே!" இதே புற்றுக்கு விடும் இன்னொரு சொட்டான மைட்டோமைசினைப் பற்றி அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். அதனால்தான் அதை ஒரு வாரம் விட்டு, சில வாரம் ஓய்வு கொடுக்கிறார்கள். கண்ணீர்த் துளையையும் அடைக்கிறார்கள். மற்றொரு சொட்டான இன்டர்ஃபெரான் சாது, ஆனால் விலை கடிக்கும், குளிர்பெட்டியும் வேண்டும். ஃபுளோரோயுராசிலால் கண் சிவக்கும், எரியும். பெரும்பாலும் நிறுத்தினால் அடங்கிவிடும்.

விழிக்குள்ளேயோ கண்குழிக்குள்ளேயோ இறங்கிய புற்றைச் சொட்டால் பிடிக்க முடியாது. அங்கே கத்தியை எடுங்கள், யார் தடுத்தது?