12 லட்சத்துக்கு பிஎம்டபிள்யூ: கணக்கில் டயரைக் காணோம்

புதிய கிரெட்டாவுக்குக் கொடுக்கும் 12 லட்சத்தில் 2013-ம் ஆண்டு பிஎம்டபிள்யூ 520டி கிடைக்கும்போது கிரெட்டா வாங்குகிறவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை தீர்ப்பு எழுதியிருந்தது. ஆதாரமாக ஓர் அட்டவணையும் உண்டு. அதில் வருடப் பராமரிப்பு என்று ஒரே வரி, எதிரே 50,000 ரூபாய். மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக எப்படிப் படித்தாலும் அதில் டயர் இல்லை. பேட்டரி இல்லை. கியர்பாக்ஸ் ஆயில் இல்லை. இன்சூரன்ஸ் இருக்கிறது, அதுவும் தேர்ட் பார்ட்டி மட்டும். காருக்கு பட்ஜெட் போட உட்கார்ந்தவர் சக்கரத்தையே மறந்துவிட்டு, மற்றவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்கிறார்.

அவருடைய வாதத்தின் அச்சாணி இது: தேய்மானத்தை முதல் ஓனர் சுமந்துவிட்டார், இரண்டாவதாக வாங்குகிறவருக்கு லாபம் மட்டுமே மிச்சம். விலையின் தேய்மானத்தை முதல் ஓனர் சுமந்தார், சரி. ரப்பரின் தேய்மானத்தை, புஷ்ஷின் தேய்மானத்தை, பன்னிரண்டு வருடம் வெயிலில் வெந்த பிளாஸ்டிக் குழாய்களின் தேய்மானத்தை யார் சுமப்பது? அவற்றை முதல் ஓனர் பத்திரமாக உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் விற்றதற்கே அதுதான் காரணமாக இருக்கும். 2013-ல் இந்த வண்டியின் ஷோரூம் விலையே 40 லட்சத்துக்கு மேல். இன்று வண்டி 12 லட்சம், ஆனால் அதன் ஹெட்லைட்டும் டர்போவும் இன்ஜெக்டரும் அந்த விகிதத்தில் மலிந்துவிடவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டரில் இருப்பவர் நீங்கள் வண்டியை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்கமாட்டார், சேஸிஸ் நம்பரைத்தான் கேட்பார். யானையைக் கால் விலைக்கு வாங்கினால் அது கால் வயிறுதான் தின்னுமா?

கியர்பாக்ஸையே எடுத்துக்கொள்வோம். இந்த வண்டியில் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். அருமையான பொருள், அதில் சந்தேகமில்லை. இதன் ஆயில் வண்டியின் ஆயுள் முழுக்கப் போதும் என்று பிஎம்டபிள்யூ சொன்னதைக் கட்டுரையாளர் வேதவாக்காக எடுத்துக்கொண்டு செலவுக் கணக்கில் பூஜ்யம் போட்டுவிட்டார். அந்த கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் என்ன சொல்கிறது தெரியுமா? ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. ஃபில்டர் தனியாக வராது. பிளாஸ்டிக் ஆயில் பேனோடு ஒட்டிப் பிறந்தது, பேனையே மாற்ற வேண்டும். இந்த ஒரு வேலையே அவருடைய வருடாந்திர ஐம்பதாயிரத்தை விழுங்கிவிட்டு மேலே கேட்கும். செய்யாமல் விட்டால் கியர் விழும்போது இடிக்க ஆரம்பிக்கும். அப்போது வரும் எஸ்டிமேட்டில் இன்னொரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கலாம்.

இன்ஜின் பற்றி அவர் எழுதியது மூன்றே சொற்கள்: 'ஜெர்மன் இன்ஜின், சாகாது'. இந்த வண்டியில் இருக்கும் இரண்டு லிட்டர் டீசல் இன்ஜினுக்கு என்47 என்று பெயர். அதன் டைமிங் செயின் முன்பக்கம் இல்லை, கியர்பாக்ஸ் இருக்கும் பின்பக்கத்தில் இருக்கிறது. ஆரம்ப ஆண்டுகளில் வந்த இன்ஜின்களில் இந்தச் செயின் தேய்ந்து அறுந்த கதைகள் உலகப் பிரசித்தம். பின்னால் வந்தவற்றில் பாகங்களைத் திருத்தினார்கள், 2013 வண்டிக்கு அபாயம் குறைவுதான். ஆனால் ஸ்டார்ட் செய்ததும் பின்னாலிருந்து கரகரவென்று சத்தம் கேட்டால், செயினைத் தொடுவதற்கே கியர்பாக்ஸை அல்லது இன்ஜினை இறக்கியாக வேண்டும்.

சாகாத இன்ஜினுக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 2018 கோடையில் தென்கொரியச் சாலைகளில் பிஎம்டபிள்யூ கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. அவற்றில் பெரும்பங்கு 520டி. இ.ஜி.ஆர். கூலரில் ஏற்படும் கசிவுதான் காரணம் என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்த நாட்டில் மட்டும் லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சோதனைக்கு வராத வண்டிகளைச் சாலையில் ஓட்ட அரசு தடையே போட்டது. பிறகு இந்தத் திரும்ப அழைத்தல் மற்ற நாடுகளுக்கும் விரிந்தது. ஆகவே இப்படியொரு வண்டியைப் பார்க்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த சேஸிஸ் நம்பருக்கு அந்த கூலர் சோதிக்கப்பட்டதா, மாற்றப்பட்டதா என்பது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சன்ரூஃப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது.

அடுத்து அவருடைய உள்ளூர்ப் பெருமை. செங்கல்பட்டுப் பக்கம் மஹிந்திரா சிட்டியில் பிஎம்டபிள்யூ தொழிற்சாலை இருக்கிறது, ஆகவே பார்ட்ஸ் உள்ளூர் விலைக்குக் கிடைக்கும் என்கிறார். தொழிற்சாலை 2007 முதல் இருப்பது உண்மை. அங்கே நடப்பது அசெம்பிளி. 2013-ல் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வந்திறங்கிய பாகங்கள்தான் இந்த வண்டியில் பெரும்பாலும் பூட்டப்பட்டன. சென்னையில் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் இன்ஜின் பூட்டித்தர ஆரம்பித்ததே 2015-ல். 2017-ல் அடுத்த தலைமுறை 5 சீரிஸ் வந்ததும் இந்த மாடலின் கதையும் முடிந்தது. சிங்கப்பெருமாள் கோவில் வழியாகப் போகிறவருக்கு அந்தக் கட்டடம் கண்ணில் படலாம், பார்ட்ஸ் பில்லில் சலுகையாக எதுவும் படாது.

கம்பெனி சர்வீஸ் வேண்டாம், வெளி மெக்கானிக்கிடம் போனால் பாதிச் செலவு என்பதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. சென்னையிலும் கோவையிலும் ஜெர்மன் வண்டிகளை மட்டுமே பார்க்கும் கெட்டிக்காரப் பட்டறைகள் உண்டு. அங்கே குறைவது கூலி. பார்ட்ஸ் விலை பெரிதாகக் குறையாது. புதுப்பேட்டையில் பழைய பார்ட்ஸ் எடுத்துப் பூட்டிக்கொள்ளலாம் என்ற அவருடைய யோசனை கதவுக்கும் கண்ணாடிக்கும் பலிக்கும். எலெக்ட்ரானிக் மாட்யூல் என்றால் உங்கள் சேஸிஸ் நம்பரோடு கோடிங் செய்தாக வேண்டும். பேட்டரி மாற்றினால்கூட ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டிய வண்டி இது.

இன்சூரன்ஸ் விஷயத்தில்தான் அவர் வாசகருக்கு உண்மையாகவே தீங்கு செய்கிறார். 1500 சிசிக்கு மேற்பட்ட காருக்கு 2022-ல் நிர்ணயித்த தேர்ட் பார்ட்டி பிரீமியம் 7,897 ரூபாய். ஜி.எஸ்.டி.யைக்கூடச் சேர்க்காமல் அதை அட்டவணையில் எழுதிவிட்டு 'இன்சூரன்ஸ் மலிவு' என்கிறார். உங்கள் வண்டிக்கு அடிபட்டால் அந்த பாலிசியில் ஒரு ரூபாய்கூட வராது. சரி, முழு பாலிசியே எடுத்ததாக வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழித்துத்தான் கிளெய்ம் தருவார்கள். வண்டிக்குப் பத்து வயது தாண்டிவிட்டால் உலோகப் பாகத்துக்கும் அதே 50 சதவீதம். இந்த வயதில் ஜீரோ டெப் கிடைப்பது அரிது. ரிப்பேர் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். ஏர்பேக் விரிந்து, ஹெட்லைட் இரண்டும் உடைந்து, ரேடியேட்டரும் போனால் இந்த வண்டி அந்த எல்லையைத் தொட வெகுதூரம் போக வேண்டியதில்லை.

அப்படி டோட்டல் லாஸ் ஆன வண்டிகள் எங்கே போகின்றன? ஏலத்துக்குப் போய், டிங்கரிங் பெயிண்டிங் முடிந்து, 'டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர்' என்று திரும்பி வருகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்களை நினைத்துக்கொள்ளுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருக்கிறதா என்று பாருங்கள். டிக்கியின் தரையைத் தூக்கிப் பாருங்கள், பேட்டரி அங்கேதான் இருக்கிறது. மீட்டரைத் திருப்பியிருந்தால் டேஷ்போர்டு பொய் சொல்லும், கம்பெனி சர்வீஸ் பதிவில் தேதியோடு இருக்கும் கிலோமீட்டர் பொய் சொல்லாது.

டெல்லி வண்டி இன்னும் மலிவு என்று போகிற போக்கில் ஆசை காட்டுகிறார். அது ஏன் மலிவு? பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு எதிராக 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது, 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதே வழியில் நின்றது. அங்கே மதிப்பிழந்ததை இங்கே தள்ளுகிறார்கள். என்.ஓ.சி. வாங்கி, இங்கே லைஃப் டாக்ஸ் கட்டி, புது நம்பர் போட்டு முடிப்பதற்குள் அந்த மலிவு கரைந்துவிடும்.

பத்து லட்சம் லோன் போடலாம் என்கிறாரே, அதையும் பார்த்துவிடுவோம். இவ்வளவு பழைய வண்டிக்கு வங்கிகள் பெரும்பாலும் கைவிரிக்கும், தனியார் ஃபைனான்ஸ்தான் கதி. 14 சதவீத வட்டி, நான்கு வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 27,300 ரூபாய், வட்டி மட்டும் 3 லட்சத்துக்கு மேல். 2013-ல் பதிவான வண்டியின் ஆர்.சி. 2028-ல் முடிகிறது. தவணை முடியும் முன்பே ஆர்.சி. முடிந்து, எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

இந்த வண்டியை ஆசைப்பட்டு வாங்குகிறவரை நான் குறை சொல்லவில்லை. நூற்றிருபதில் போகும்போது சாலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த உறுதி புதிய காம்பாக்ட் எஸ்யூவி எதிலும் கிடையாது. அந்தச் சுகத்துக்குக் காசு கொடுக்கிறேன் என்று சொல்லி வாங்குவது நேர்மை. சிக்கனம் என்று சொல்லி வாங்குவது தன்னையே ஏமாற்றிக்கொள்வது, அப்படிச் சொல்லி அடுத்தவரை வாங்க வைப்பது அதைவிட மோசம். என் கணக்கில் கையில் 12 லட்சம் வைத்திருப்பவர் 8 லட்சத்துக்கு மேல் வண்டி பார்க்கக் கூடாது. பாக்கி 4 லட்சம் முதல் வருடத்துக்கு. ரன்ஃப்ளாட் டயர் நான்கு மாற்றவே எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் ஆகும். கியர்பாக்ஸ் ஆயில், பேட்டரி, சஸ்பென்ஷன் ஆர்ம், பிரேக் டிஸ்க் என்று மிச்சமும் கரையும். பட்டறைக்குப் பட்டறை தொகை மாறலாம், ஆனால் இவற்றில் எதுவும் வராமல் போகாது. அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒன்றரை லட்சம் தனியே ஒதுக்க முடியாதவர் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

தன்னுடைய 520டி ஒரு வருடமாக ஒரு தொல்லையும் தரவில்லை என்பது கட்டுரையாளரின் கடைசிச் சாட்சியம். ஒரு வருடத்தில் தொல்லை தராமல் இருப்பது அந்த கியர்பாக்ஸுக்கும் செயினுக்கும் பெரிய சாதனை இல்லை. அடுத்த இதழில் இன்னொரு அட்டவணை வேண்டாம், ஐயா. இன்னும் மூன்று வருடம் ஓட்டிவிட்டு, வண்டி நம்பரை மட்டும் மறைத்து, உங்கள் சர்வீஸ் பில்களை அப்படியே அச்சிடுங்கள். கிரெட்டா வாங்கியவர்கள் படித்துவிட்டு யாருக்குக் கணக்குத் தெரியும் என்று முடிவு செய்துகொள்ளட்டும்.