அடையாளமற்ற மாட்டுக்கு ஏலமா?

திருகோணமலை வீதிகளில் பிடிபடும் கட்டாக்காலி மாடுகளை அடைத்துவைத்து, தண்டப்பணம் செலுத்தி மீட்கப்படாதவற்றை ஏலத்தில் விற்பதென்ற முடிவு, மாடு யாருடையது என்ற முதற் கேள்விக்கே விடை தேடாமல் எடுக்கப்பட்டிருக்கிறது. இரவில் உட்துறைமுக வீதியிலும் கண்டி வீதியிலும் தார்மேல் படுத்துக்கிடக்கும் மாடுகளால் மோட்டார் சைக்கிளில் செல்வோருக்கு ஆபத்து உண்டென்பதில் ஐயமில்லை.

ஆனால் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டத்தின் காலத்து அடையாள முறை, காய்ச்சிய இரும்பால் உரிமையாளரின் எழுத்தைத் தோலில் பொறிக்கும் குறிசுடுதலையும் உரிமைச் சீட்டையும் நம்பியது. பழைய குறிமேல் புதுக்குறி சுட்டால் முந்திய எழுத்துச் சிதைந்துபோகிறது; காதில் குத்தப்படும் பிளாஸ்டிக் பட்டியைக் கத்தியால் நொடியில் அறுத்துவிடலாம், பின்னர் எஞ்சுவது காதிலுள்ள பிளவு மட்டுமே. இந்நிலையில், களவுபோய்த் தப்பி வீதிக்கு வந்த மாடும் ஏலத்துக்குப் போகும். ஏலப் பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருப்பவரிடம் பழைய உரிமையாளர் எதைக் காட்டிக் கேட்பார்? பெரும்போகம் தொடங்கியதும் வயல்வெளியை விட்டு மாடுகளை ஓட்டிச்செல்லும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பட்டிக்காரரின் தவறிய கன்றும், இரண்டு பசுக்களின் பாலில் குடும்பம் நடத்தும் பெண்ணின் மாடும் ஒரே அடைப்புக்குள் சிக்கும். வேண்டுமென்றே மாடுகளைத் தெருவில் விட்டவரோ, தண்டம் ஏறியதும் அவை தமதல்ல என்று ஒதுங்கிவிடுவார்.

அழிக்கமுடியாத அடையாளத்துக்கு வழி இல்லாமலில்லை. குதிரை, கழுதை ஆகியவற்றை அடையாளப்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2009 யூலையிலேயே நுண்சில்லைக் கட்டாயமாக்கியது. அரிசிமணி அளவான அச்சில்லு 15 இலக்க எண்ணைத் தாங்கி, கழுத்தின் இடப்பக்கத்தில் பிடரித் தசைநாருக்குள் ஊசியால் செலுத்தப்படுகிறது. வாசிப்புக் கருவியை அருகில் கொண்டுசென்றதும் எண் தெரிகிறது. இறைச்சிக்காகும் மாட்டில் தோலடிச் சில்லு இடம்பெயரக்கூடும் என்பதால், அதைப் பீங்கான் உருளைக்குள் வைத்து விழுங்கச்செய்யும் முறை உண்டு. இரைப்பையில் நெடுங்காலம் தங்கும் அந்த உருளையைக் காதுப்பட்டிபோல் எவரும் அறுத்தெறிய முடியாது.

ஏல முடிவை எடுத்தோர் இத்தகைய வழிகளை ஆராயவில்லை. மேய்ச்சல் தரையை ஒழுங்காக ஒதுக்கத் தவறியவர்களும் அவர்களே. அந்தத் தவறால் வீதிக்கு வந்த மாட்டுக்கு இன்று விலை பேசுகிறார்கள். உடைமையை நிறுவ வழிதராமலே உடைமையை விற்பது அநீதியாகும். உரியவர்கள் நிலையான அடையாளத்துக்கு விரைந்து வழிகாண வேண்டும். அதுவரை ஏலம் நிறுத்தப்பட வேண்டும்.