குரங்கு மனுசனாச்சு, மனுசன் என்னவானான்?

ராபின் குக் எழுதி 1997இல் வெளிவந்த 'குரோமோசோம் 6' நாவலைப் படித்த வாசகர்கள் பலரும் சலித்துக்கொள்கிறார்கள். வசனம் மரக்கட்டை, தற்செயல்கள் ஏராளம், முடிவு சப்புன்னு போச்சு, 1977இல் 'கோமா' எழுதின கையா இது? புகார் நியாயம்தான். ஆனால் அந்த ஏமாற்றம் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதுதான் நம் கேள்வி.

கதை இதுதான். அமெரிக்கக் கம்பெனி ஒன்று எக்குவடோரியல் கினியாவில் கடை விரிக்கிறது. காசுள்ளவர்களுக்கு மாற்று உறுப்பு வேண்டும். போனபோ குரங்குகளுக்குள் மனித மரபணுவை ஏற்றி, ஆளுக்கொரு குரங்கு என்று தீவில் விட்டு வளர்க்கிறார்கள். ஒருநாள் தீவிலிருந்து புகை கிளம்புகிறது. குரங்குகள் நெருப்பு மூட்டப் பழகிவிட்டனவா? அப்போ இதுங்களும் மனுசங்கதானா? விஞ்ஞானி தவிக்கிறான். வாசகரும் கூடவே உருகுகிறார்.

சரி தோழர்களே, அந்த மண்ணின் மனிதர்கள் எங்கே? சமையல்காரி, துப்பாக்கி நீட்டும் சிப்பாய், லஞ்சத்துக்குக் கை நீட்டும் அதிகாரி. அவ்வளவுதான் அவர்களுக்கு இடம். 1968 வரை ஸ்பெயினின் காலனி, 1979 முதல் ஒபியாங்கின் சர்வாதிகாரம், தொண்ணூறுகளில் எண்ணெய்க்காக வந்திறங்கிய அமெரிக்கக் கம்பெனிகள். இத்தனையும் சுமந்த சனம் கதைக்கு வெறும் பின்திரை. குரங்குக்கு மனசு உண்டா என்று விசாரிக்கும் பிரதி, கறுப்பு மனிதருக்கு மனசு உண்டு என்பதையே மறந்துபோகிறது. நாவலைக் கிழித்துத் தோரணம் கட்டும் வாசகரும் இதைக் கேட்பதில்லை. வேகம் போதலையாம்!

காசுள்ளவன் பிழைக்க இன்னொரு உடம்பு என்பது வெறும் கற்பனையும் அல்ல. நிஜத்தில் அதற்குக் குரங்கே தேவைப்படவில்லை. சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பேர் விழுந்தது சும்மாவா? உறுப்பு விற்பனையைத் தடைசெய்யும் சட்டம் 1994இல் வந்தது. 2001இல், சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரை ஆய்வாளர்கள் விசாரித்தார்கள். 96 சதவீதம் பேர் கடனடைக்க விற்றவர்கள். பெரும்பாலோர் பெண்கள். கடனுக்காக விற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனில்தான் கிடந்தார்கள். இவர்கள் மனுசங்களா என்று தூக்கம் கெட்டுத் தவித்த விஞ்ஞானி யார்?

நாவல் விறுவிறுப்பா இல்லையா என்று கேட்பது சுலபம். அறுபடுவது யார் உடம்பு, அந்த உடம்புக்கு வாய் கொடுத்திருக்கிறதா கதை என்று கேட்டுப் படிப்பதுதான் நம் வாசிப்பு. கேட்டுப் பாருங்கள். அலமாரியில் உள்ள முக்கால்வாசித் திரில்லர்கள் முதல் பக்கத்திலேயே செத்துப்போகும்.