லேசர் மீட்டரும் பாகப் பிரிவினையும்

சொத்தைப் பங்கு போடும் நாளில் வக்கீலும் பத்திர எழுத்தரும் பிற்பாடு வரலாம். முதலில் வர வேண்டியது நம்பத் தகுந்த ஓர் அளவுகோல். இதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பழைய துணி டேப்பு ஒன்றைத் தேடி எடுத்து, ஒரு முனையைச் சிறுவன் கையில் கொடுத்து, மறுமுனையை மேஸ்திரி இழுக்க, "இருபது அடி சரியாக இருக்கிறது" என்று முடித்துவிடுகிறோம். தகராறு பின்னால் வருகிறது.

தறியும் பீடியும் சோறு போட்ட ஊர் மேலப்பாளையம். செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கும் பேர் போன ஊர். 1994ல் நெல்லை மாநகராட்சியோடு இணைந்த பிறகு மனை விலை பழைய விலையாக இல்லை. நெருக்கமான தெருக்கள், ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள், இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். இப்படிப்பட்ட இடத்தில் அரை அடி என்பது அற்ப விஷயமா? அரை அடிக்காக அண்ணனும் தம்பியும் முன்சீப் கோர்ட்டுப் படி ஏறுவதை நாம் காணவில்லையா?

இந்தக் குறையைப் போக்கத்தான் லேசர் மீட்டர் வந்திருக்கிறது. லேசர் ஒளியை மனிதன் உண்டாக்கியது 1960ல். அதைக் கையடக்கமான அளவு கருவியாக்கி லைக்கா கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்தது 1993ல். இன்று கொத்தனாரின் மூன்று நான்கு நாள் கூலிக்குள் சாதாரணக் கருவி ஒன்று கிடைத்துவிடுகிறது. ஆனால் எதை வாங்குவது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

பெயர் ஒன்று, கருவி இரண்டு

"லேசர் தூரமானி" என்ற ஒரே பெயரில் இரண்டு வகைக் கருவிகள் விற்கப்படுகின்றன. ஒன்று, பாதி பைனாக்குலர் போலக் கண்ணில் வைத்துப் பார்ப்பது. 600 கஜம், 1000 கஜம் என்று விளம்பரம் செய்வார்கள். இது கோல்ப் ஆட்டக்காரர்களுக்காகச் செய்யப்பட்டது. கொடைக்கானலிலும் உதகையிலும் கோல்ப் மைதானங்கள் இருக்கின்றன. கொடி எத்தனை கஜத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் எந்த மட்டையை எடுப்பது என்று ஆட்டக்காரர் தீர்மானிப்பார். 2019 முதல் ஆட்ட விதியே தூரத்தை அளக்க அனுமதிக்கிறது. மேடு பள்ளத்தைக் கணக்கிட்டுச் சொல்வது மட்டும் போட்டியில் கூடாது.

மற்றொன்று, செல்போன் போன்ற சிறு கருவி. சுவரில் சிவப்புப் புள்ளியைப் பாய்ச்சி அளப்பது. 30 மீட்டர், 40 மீட்டர்தான் எட்டும். வீட்டுக்கு ஏற்றது இதுதான்.

ஒளி ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் சுமார் 30 சென்டிமீட்டர் ஓடுகிறது. கோல்ப் கருவி ஓர் ஒளித் துடிப்பை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை எண்ணுகிறது. அதனால் வெகுதூரம் எட்டும். ஆனால் நுணுக்கம் குறைவு. வீட்டுக் கருவி, போன ஒளி அலையையும் வந்த அலையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதனால் தூரம் குறைவு, நுணுக்கம் அதிகம். முன்னதில் சாதாரணமாக ஒரு கஜம் வரை பிழை வரும். பின்னதில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான்.

ஒரு கஜம் என்ன செய்யும்?

இருபது அடி அகலம், அறுபது அடி நீளம் உள்ள மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1200 சதுர அடி. ஏறத்தாழ இரண்டே முக்கால் சென்ட். தகப்பனார் காலமாகிவிட்டார். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். ஷரீஅத் முறைப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, 150 சதுர அடி. மீதி 1050ல் மகன்களுக்குத் தலைக்கு 420, மகளுக்கு 210.

அகலத்தை அளக்கும்போது ஒரு கஜம் தவறினால் என்ன ஆகும்? மூன்றை அறுபதால் பெருக்கினால் 180 சதுர அடி! உம்மாவின் பங்கைவிட இது அதிகம். மகளின் பங்கில் பெரும்பகுதி. அதே அகலத்தில் இரண்டு மில்லிமீட்டர் தவறினால் அரைச் சதுர அடிகூடப் போகாது. அதிக தூரம் எட்டுவதுதான் உயர்ந்த கருவி என்று எண்ணி, அதிக விலை கொடுத்து, மகளின் பங்கைத் தொலைப்பது புத்திசாலித்தனமா?

வாங்குகிறவர்களுக்கு

நாற்பது மீட்டர் எட்டும் எளிய கருவி போதும். நூறு மீட்டர், கேமரா, செல்போன் இணைப்பு என்பவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். பிழை எத்தனை மில்லிமீட்டர் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சிடாததை வாங்காதீர்கள். மீட்டரும் அடியும் இரண்டும் காட்ட வேண்டும். பத்திரத்தில் அடி இருக்கும். சர்வே வரைபடத்தில் மீட்டர் இருக்கும்.

வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். நல்ல இரும்பு டேப்பில் மூன்று மீட்டரைக் குறித்து, அதே தூரத்தைக் கருவியால் பத்துத் தடவை அளக்க வேண்டும். விடைகள் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் முன்னும் பின்னும் போனால் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது.

அளக்கிறவர்களுக்கு

கருவி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. மூன்று தவறுகள் சாதாரணமாக நடக்கின்றன. கருவியின் அடிப்பக்கத்திலிருந்து அளக்கிறதா, தலைப்பக்கத்திலிருந்தா என்று பார்க்காவிட்டால் நான்கைந்து அங்குலம் போய்விடும். 12.5 அடி என்று காட்டினால் அது பன்னிரண்டு அடி ஆறு அங்குலம். ஐந்து அங்குலம் அல்ல. உச்சி வெயிலில் சிவப்புப் புள்ளி கண்ணுக்குத் தெரியாது. திறந்த மனையைக் காலையிலோ மாலையிலோ அளக்க வேண்டும். எதிரே ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டங்களையும் அளப்பது மிக அவசியம். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்தும் மூலைவிட்டங்கள் சமமில்லை என்றால் மனை கோணலாக இருக்கிறது. நீளத்தை அகலத்தால் பெருக்கினால் பரப்பு சரியாக வராது. ஒளியை யாருடைய கண்ணிலும், முக்கியமாகக் குழந்தைகள் கண்ணில், பாய்ச்சக் கூடாது.

டேப்பே போதாதா என்று கேட்கலாம். துணி டேப்பு இழுத்தால் நீளும். தொய்ந்தால் கூட்டிக் காட்டும். இரும்பு டேப்பும் வெயிலுக்குத் தப்பாது. முப்பது மீட்டர் டேப்பு, சூடு இருபது டிகிரி கூடினால் ஏழு மில்லிமீட்டர் நீண்டுவிடும். 1802ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் அடிக்கோட்டை லாம்டன் துரை அளந்தபோது, இரும்புச் சங்கிலி வெயிலில் நீளுமே என்று அதற்கு நிழல் தேடினார். அந்தக் கவலை லேசருக்கு இல்லை.

கருவி நீதிபதி ஆகாது

ஒன்றை மறக்கக் கூடாது. சுவருக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு என்று லேசர் சொல்லும். சுவர் சரியான எல்லையில் நிற்கிறதா என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது 1923ம் ஆண்டு நில அளவை, எல்லைச் சட்டப்படி வருகிற சர்வேயரும் அவர் கையிலுள்ள வரைபடமும்தான். எல்லையில் சந்தேகம் வந்தால் கட்டணம் கட்டி அவரை அழைப்பதே முறை.

என் யோசனை இது. ஒவ்வொரு வீட்டாரும் கருவி வாங்க வேண்டியதில்லை. தெருவுக்கு ஒன்று, அல்லது ஜமாஅத்துக்கு ஒன்று இருந்தால் போதும். பங்காளிகள் எல்லோரும், பெண்கள் உட்பட, கூடி நிற்கும்போது அளக்க வேண்டும். கருவி காட்டும் எண்ணை அனைவரும் பார்க்க வேண்டும். அந்த இடத்திலேயே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். அளவு நடக்கும்போது உள்ளே இருந்துவிட்டு, பிறகு தன் பங்கு குறைந்துவிட்டதாக ஒரு சகோதரி காலமெல்லாம் மனத்தாங்கல் கொள்ளும்படி விடலாமா?

சில ஆயிரம் ரூபாயில் தீருகிற காரியம் இது. கோர்ட்டுக்குப் போனால் அதைப்போல் எத்தனையோ மடங்கு செலவாகும்; உறவும் கெடும். ஊர்ப் பெரியவர்கள் இதைக் கவனிப்பார்களா?