ஒரு பக்கத்துக்கு ஒண்ணேகால் மணி நேரம்

போன செமஸ்டர்ல நடந்த ஒரு விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். என் ரூம்மேட்டுக்கு கல்விக்கடன் தவணைக்காக ஒரு போனஃபைட் தேவைப்பட்டது. பேங்க்ல கொடுக்க அன்னைக்குத்தான் கடைசி நாள், வெள்ளிக்கிழமை. மதியம் இரண்டரை மணிக்கு ஆபீஸ் அக்கா டைப் பண்ணி பிரிண்ட் கொடுத்துட்டாங்க. கையெழுத்து போட ஹெச்.ஓ.டி. ரெடி, சீல் ரெடி. பேப்பர் மட்டும் வரவே இல்லை.

காரணம் என்னன்னா, அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி யாரோ அக்ரெடிடேஷன் ஃபைலை அதே பிரிண்டருக்கு அனுப்பியிருந்தாங்க. 200 பக்கம், 3 காப்பி. நடுவுல பேப்பர் தீர்ந்துபோச்சு. அக்கா வேற வேலையா வெளியே போயிருந்தாங்க. பிரிண்டர் விளக்கைச் சிமிட்டிக்கிட்டே நின்னுது. அந்த ஒரு பக்கம் அவன் கைக்கு வந்தப்போ மணி மூணே முக்கால். பேங்க்குக்கு ஓடினான், கவுண்டர் மூடியாச்சு. பணம் லேட்டா வந்தது. ஃபைன் கட்டித்தான் எக்ஸாம் எழுதினான்.

இந்தக் கதையைச் சொன்னதும் எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணுதான்: "வேகமான பிரிண்டர் வாங்கணும்ப்பா." நான் இதை ஒத்துக்க மாட்டேன். ஏன்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

நிமிஷத்துக்கு 30 பக்கம் அடிக்கிற பிரிண்டர்னு வைங்க. 600 பக்கத்துக்கு 20 நிமிஷம். அவன் காத்திருந்தது 75 நிமிஷம். அப்போ மீதி 55 நிமிஷம் எங்கே போச்சு? 250 தாள் பிடிக்கிற ட்ரேயில 600 பக்கம் அடிச்சா இரண்டு தடவை பேப்பர் தீரும். ரெண்டு தடவையும் யாராவது வந்து பார்க்கிற வரைக்கும் மெஷின் சும்மாதான் நிக்கும். இப்போ இரண்டு மடங்கு வேகமான பிரிண்டர் வாங்கினா மிச்சமாகிறது 10 நிமிஷம். 75 நிமிஷம் 65 ஆகும். பேங்க் அப்பவும் மூடித்தான் இருக்கும். கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பேப்பர்ல ஆம்டால் விதின்னு படிச்சோமே, அது இதுதான். மொத்த நேரத்துல சின்னப் பங்கை மட்டும் வேகப்படுத்தினா பெரிய லாபம் கிடைக்காது.

சரி, வரிசையை மாத்தியிருந்தா? ஒரு பக்கம் அடிக்க இரண்டு நொடி. போனஃபைட்டை முன்னாடி விட்டிருந்தா அந்த 600 பக்கத்துக்கு ஆகியிருக்கக்கூடிய நஷ்டம் இரண்டே நொடி. இவனுக்கு லாபம் ஒண்ணேகால் மணி நேரம். இதுவும் நமக்குத் தெரிஞ்சதுதான். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்ல ஷார்ட்டஸ்ட் ஜாப் ஃபர்ஸ்ட்னு 16 மார்க்குக்கு எழுதிட்டு வந்துட்டோம். ஆபீஸ் வாசல்ல நிக்கும்போதுதான் மறந்துடுறோம்.

"முதல்ல வந்தவங்களுக்குத்தானே முதல்ல? அதுதானே நியாயம்?"னு நீங்க கேட்கலாம். ஜெராக்ஸ் கடையை யோசிச்சுப் பாருங்க. கத்தை நோட்ஸ் வச்சிருக்கிறவர்கிட்ட போய், "அண்ணா, ஒரே ஒரு பக்கம்தான், எடுத்துக்கட்டுமா?"ன்னு கேட்டா அவர் நகர்ந்து வழி விடுவார். மனுஷங்க செய்றதை பிரிண்டருக்கு நாம சொல்லித் தரலை, அவ்வளவுதான். ஒரு பக்கக்காரங்களே வந்துகிட்டிருந்தா பெரிய வேலை பட்டினி கிடக்குமேங்கிற கேள்வியும் நியாயமானது. அதுக்கும் சிலபஸ்லயே பதில் இருக்கு, ஏஜிங். அரை மணி நேரத்துக்கு மேல காத்திருக்கிற வேலைக்கு முன்னுரிமையை ஏத்திவிட்டா போதும்.

இதுக்குப் புது மென்பொருள் எதுவும் வேண்டாம். விண்டோஸ்ல ஒரே பிரிண்டரை இரண்டு பெயர்ல சேர்க்கலாம். "அவசரம்"னு ஒண்ணு, முன்னுரிமை 99. "பெரிய ஃபைல்"னு இன்னொண்ணு, முன்னுரிமை 1. இரண்டாவதை மாலை நாலு மணிக்கு மேலதான் வேலை செய்யணும்னு நேரமும் குறிக்கலாம். இரண்டு நிபந்தனை: எல்லா சிஸ்டமும் ஒரே பிரிண்ட் சர்வர் வழியா அனுப்பணும். அப்புறம், அடிக்க ஆரம்பிச்ச வேலையை இந்த முன்னுரிமை நடுவுல நிறுத்தாது. அதனால பெரிய ஃபைலை 50 பக்கம் 50 பக்கமா பிரிச்சு அனுப்பணும். அப்போ பேப்பரும் ட்ரேயில இருந்தா, ஒரு பக்கக்காரர் அதிகபட்சம் காத்திருக்கிறது ஒண்ணரை, இரண்டு நிமிஷம்தான்.

அடுத்தது, அந்தச் சிமிட்டுற விளக்கு. 1980 வாக்குல எம்.ஐ.டி.யோட செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்திலயும் இதே தொல்லை இருந்தது. பிரிண்டர் வேற மாடியில. பேப்பர் சிக்கினா யாருக்கும் தெரியாது. ரிச்சர்ட் ஸ்டால்மன் பழைய பிரிண்டரோட மென்பொருளை மாத்தி, சிக்கல் வந்தா பிரிண்டுக்காகக் காத்திருக்கிறவங்களோட திரைக்கே செய்தி போற மாதிரி செஞ்சிருந்தார். அப்புறம் ஜெராக்ஸ் கொடுத்த புது லேசர் பிரிண்டருக்கு மூல நிரல் கிடைக்கலை, அதுல இதைச் செய்ய முடியலை. அந்தக் கோபத்துக்கும் 1983-ல அவர் அறிவிச்ச குனு திட்டத்துக்கும் தொடர்பு உண்டு. அவர் பிரிண்டரோட வேகத்தைக் கூட்டலைங்கிறதைக் கவனிங்க. நின்னுபோச்சுங்கிற தகவலை, போய் சரி பண்ணக்கூடிய ஆளுக்குச் சொன்னார். இன்னைக்கு நிறைய நெட்வொர்க் பிரிண்டர்கள்ல "பேப்பர் இல்லை"ன்னு தானா மெயில் அனுப்புற வசதி உள்ளேயே இருக்கு. ஆன் பண்ணத்தான் ஆள் இல்லை.

நம்ம பக்கத்துத் தப்பையும் சொல்லிடணும். கடைசி நாள் வரைக்கும் தள்ளிப்போடுறோம். வாட்ஸ்அப்ல வேர்ட் ஃபைலை அனுப்பிட்டு, அங்கே திறந்தா தமிழ் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா தெரியுது. அதைச் சரி பண்ற ஐஞ்சு நிமிஷமும் பின்னாடி நிக்கிறவங்களோட நேரம். பி.டி.எஃப். ஆக்கி, ஒரு தடவை திறந்து பார்த்துட்டு, ரெஜிஸ்டர் நம்பரைப் பேரா வச்சு அனுப்புங்க.

எதையும் விலை கொடுத்து வாங்கச் சொல்லலை. ஒரு மதியம் லேப் அசிஸ்டன்ட் சாரோட உட்கார்ந்தா முடியிற செட்டிங்ஸ் இது. வர்ற திங்கட்கிழமை நானும் இரண்டு நண்பர்களும் ஹெச்.ஓ.டி.கிட்ட அனுமதி கேட்கப் போறோம். உங்க டிபார்ட்மென்ட்ல நீங்களும் கேளுங்க. அடுத்த கடைசி நாள்ல அந்த ஒரு பக்கத்துக்காக நிக்கப்போறது நீங்களாகவும் இருக்கலாம்.