திண்ணையில் முன்கூட்டியே குடியேறியவர்கள்

புதிதாக வாங்கிய மடிக்கணினி, டம்ளரில் ஊற்றிய காபி ஆறிப்போகும் வரையிலும் கண் விழிக்காமல் கிடப்பதைக் கண்டு சங்கடப்படுகிறவருக்கு நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு: "கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்ததில் கை வைக்காதீர்கள்; அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரிந்துவிடப் போகிறது?" படித்தவர், பாமரர் என்ற பேதமின்றிப் பரவிவிட்ட இந்த அபிப்பிராயம் அடக்கத்தின் வேஷம் தரித்திருக்கிறதே தவிர, உள்ளே இருப்பது வெறும் சோம்பல்.

கிருகப்பிரவேசத்தன்று பால் காய்ச்சப் போகிறவர், திண்ணையில் நாலு பேர் பாய் விரித்துப் படுத்திருப்பதையும், அவர்களில் ஒருவன் வருவோர் போவோரின் மூட்டைகளையெல்லாம் அவிழ்த்துப் பார்ப்பதையும், இன்னொருவன் "30 நாள் ஆகப்போகிறது, சந்தா கட்டுங்கள்" என்று காதில் ஓதிக்கொண்டேயிருப்பதையும் கண்டால், வீட்டைக் கட்டியவன் காரணமில்லாமலா வைத்திருப்பான் என்று வாளாவிருப்பாரா? மடிக்கணினியில் நடப்பது இதுவே. சில நாளைக்கு மட்டும் இலவசமான வைரஸ் தடுப்பான், உற்பத்தியாளரின் 'அப்டேட்' நிரல், எவரும் கேளாத 'உதவியாளர்' என்று பலவும், சுவிட்சைத் தட்டியவுடன் நம் அனுமதியின்றியே எழுந்து நினைவகத்தில் இடம் பிடித்துக்கொள்கின்றன. அந்த நினைவகம் 4 ஜிபியேயானால், விண்டோஸ் தன் பங்கை எடுத்துக்கொண்டபின் எஞ்சுவது சொற்பம். அதுவும் நிரம்பினால் ஹார்ட் டிஸ்கில் எழுதுவதும் திரும்ப எடுப்பதுமாகக் காலம் கழிகிறது. டிஸ்க் நிமிஷத்துக்கு 5,400 தடவை சுழலும் பழைய ரகமென்றால் கேட்கவே வேண்டாம்.

விலைப்போட்டியில் லாபம் மெலிந்துபோன உற்பத்தியாளர், மென்பொருள் வியாபாரிகளிடம் காசு வாங்கிக்கொண்டு நம் கணினியில் அவர்களுக்கு இடம் கொடுக்கிறார், ரகசியம் இவ்வளவுதான். 2008 மார்ச்சில் சோனி நிறுவனம், தன் வையோ கணினிகள் சிலவற்றை இந்த உபரிகள் இல்லாமல் தருவதற்கு 50 டாலர் தனிக் கட்டணம் கேட்டது. ஆட்சேபம் கிளம்பவே உடனே கட்டணத்தைக் கைவிட்டது. அவை வாங்குகிறவருக்குச் செய்த உபகாரமானால், அவற்றை நீக்கித் தருவதற்கு விலை ஏது? லெனோவோவின் கதை இன்னும் விபரீதமானது. 2014-இல் அது சில கணினிகளில் வைத்து விற்ற 'சூப்பர்ஃபிஷ்' என்ற விளம்பர நிரல், பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்குள்ளும் புகுவதற்காகப் போலிச் சான்றிதழ்களைத் தானே தயாரித்துக்கொண்டது. எல்லாக் கணினிகளுக்கும் ஒரே ரகசியச் சாவி. 2015 பிப்ரவரியில் விஷயம் அம்பலமாயிற்று. 2017-இல் அமெரிக்காவின் 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. கை வைக்காமல் பத்திரமாகக் காத்தவர்கள் எதைக் காத்தார்கள் என்று யோசிக்கவேண்டும்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு தங்கையும் உண்டு. பாரத்தால் திணறுகிற கணினிக்கு, 'வேகப்படுத்தும்' நிரல் ஒன்றை மேலும் ஏற்றுவதே சிகிச்சை என்பது அவள் வாதம். அஜீரணக்காரனுக்கு விருந்து வைக்கிற வைத்தியம்! இவ்வகையில் பெயர்பெற்ற 'சிகிளீனர்' நிரலின் ஒரு பதிப்பிலேயே 2017-இல் விஷமிகள் நச்சு நிரலைக் கலந்துவிட, அது ஏறத்தாழ 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளைச் சென்றடைந்தது.

கண்ணை மூடிக்கொண்டு அனைத்தையும் அழிக்கவேண்டும் என்பதல்ல என் கட்சி. ஒலி, திரை, டச்பேட் இவற்றை இயக்கும் டிரைவர்கள் வீட்டின் தூண்கள், அவற்றைத் தொடலாகாது. முதல் ஓரிரு நாள் மந்தமாயிருப்பது விண்டோஸ் தன் புதுப்பிப்புகளை இறக்கிக்கொள்வதாலும் இருக்கலாம். அதற்குப் பொறுமை வேண்டும். வைரஸ் தடுப்பானை நீக்கினால் வீடு காவலின்றிப் போய்விடும் என்ற பயமும் அனாவசியம். விண்டோஸ் 8 காலம் முதல் உள்ளேயே இருக்கும் டிஃபெண்டர், வெளியாள் போனவுடன் தானே பொறுப்பேற்றுக்கொள்கிறது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதி, காலையில் தாமாக எழுகிற ஒவ்வொருவர் பெயரையும், அவர் ஏற்றுகிற சுமை அதிகமா, குறைவா என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. ஒரு தரம் அதை வாசித்துப் பாருங்கள். கை வைக்கலாமா, கூடாதா என்று அப்புறம் பேசுவோம்.